காப்புரிமை ஷரத்தை வாய்விட்டுப் படிக்க வைத்தவள்

ஜெசிந்தா போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னது அவள் தம்பி வின்சென்ட். காலையில் பாண்டி பஜாரில் ஒரு கடை எப்போது திறப்பார்கள் என்று வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் தனித்தனிச் சொற்களாக வந்து விழுந்தது: "அக்கா. தூங்கு. எழு. இல்லை. வா."

வின்சென்ட்டுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பிறக்கும்போது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் பேச்சு வராது. கைகால்களும் அவன் நினைத்தபடி அசையாது. இடது கையில் ஒரு விரல் மட்டும் அவன் சொல்பேச்சுக் கேட்கும். அந்த விரலால் டேப்லெட்டில் உள்ள படங்களைத் தொடுவான். படங்கள் சொற்களாக மாறும், சொற்களைக் கருவி உரக்கச் சொல்லும், வேண்டுமானால் செய்தியாகவும் அனுப்பும். பேச்சுப் பலகை என்ற அந்த மென்பொருளை எழுதியவள் நான். அதில் "இறந்து" என்ற சொல்லும் இருக்கிறது, நான்தான் சேர்த்தேன். அவன் அதைத் தொடவில்லை.

ஆட்டோவில் ஏறி சாந்தோம் என்றேன். "இன்னாம்மா, அழுவுறீங்க?" என்றார் ஓட்டுநர். என் சிநேகிதி வீட்டுக்குப் போக வேண்டும், சீக்கிரம் என்று மட்டும் சொன்னேன். வாடகையைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. வீட்டில் ஜெசி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்க வேண்டும் என்றார் மருத்துவர். வின்சென்ட்டின் சக்கர நாற்காலி கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. அதை நகர்த்த யாருக்கும் மனம் வரவில்லை.

இதை அவளை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். உங்களில் பலர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். சிலர் அவள் முன்னால் உட்கார்ந்து ஒரு காப்புரிமை ஷரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை வாய்விட்டுப் படித்தவர்கள். அது என்ன கூத்து என்று அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தேனாம்பேட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் நிரல் எழுதுபவள். அவள் பொறியியல் படித்து, அது போதாதென்று சட்டமும் படித்து, எங்கள் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவள். உலகத்தில் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைக்கும் நிரலைத் திறமூல மென்பொருள் என்கிறோம். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. அந்த நிபந்தனைகள் எழுதிய தாள்தான் உரிமம். நிரல் எழுதுகிற ஜாதி உரிமத்தைப் படிக்காது. கல்யாண மண்டபத்து ரசீதின் பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்? அந்த மாதிரிதான்.

அவள் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில், நாங்கள் எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்திருந்த ஒரு நிரலின் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்து, உடனே அதைத் தமிழில் கேள்வியாகக் கேட்டாள். "யாரு குடுக்கிறா? யாருக்கு? என்னத்தை? எப்போ திருப்பிப் பிடுங்கிக்கலாம்? இதுக்கெல்லாம் பதில் தெரியாம எதையும் எடுத்துப் பையில போட்டுக்காதீங்க." அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்தது, ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் படிப்பவள் அவள். அந்தக் குரல் ஏ.சி. அறையில் கணீரென்று கேட்டது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "இதென்ன, ஞாயித்துக்கிழமை வாசகமா?" என்றேன். "ஆமா. எழுந்து நில்லு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நான் உட்பட. அன்று மதியம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

பேச்சுப் பலகையை எழுதித் தரும்படி அவள் என்னைக் கேட்கவே இல்லை. அவள் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்த நாட்களில், வின்சென்ட் கண்ணாலும் தலையாலும் ஒரு விஷயத்தைச் சொல்ல அரைமணி நேரம் போராடுவதைப் பார்த்து, நானாக எழுத ஆரம்பித்தேன். எழுதியதைப் பொதுவில் வைத்தேன். முன்பின் தெரியாத பலர் சொற்களும் படங்களும் சேர்த்தார்கள். அதற்கு நான் இரண்டே பாராவில் முடியும் ஒரு சின்ன உரிமத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். சின்ன உரிமம் அழகு. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

மாட வீதியில் ஒரு ஓட்டலில் ரவா தோசை சாப்பிட்டுக்கொண்டே அவள் அதைக் கைபேசியில் படித்தாள். முகம் மாறியது. "இன்னாடி இது? பேட்டன்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல." கோபம் வந்தால்தான் அவளுக்கு "இன்னா" வரும்.

"நம்மூர்ல வெறும் மென்பொருளுக்கு பேட்டன்ட்டே குடுக்க மாட்டா. எதுக்குடி பக்கம் பக்கமா எழுதிண்டு?" என்றேன்.

"உன் பலகை என்ன, தெப்பக்குளத்தையே சுத்திக்கினு இருக்கப் போவுதா? நாளைக்கு சிங்கப்பூர்ல ஒரு பிள்ளை இதை வெச்சுப் பேசும். அங்க என்ன பண்ணுவ? இதைக் கேளு. உங்க ஆத்து வத்தக்குழம்புக் குறிப்பை நீ எழுதி வெக்கிற. யார் வேணா காப்பி அடிச்சுக்கோங்கன்னு சொல்லிட்ட. அது நீ எழுதின எழுத்துக்கு. ஆனா அப்படிக் குழம்பு வைக்கிற முறையே என்னுது, நான் பதிஞ்சு வெச்சிருக்கேன்னு ஒருத்தன் வந்தா? அதுவும் உன் அடுப்பாண்ட நின்னு உனக்கு மொளகா கிள்ளிக் குடுத்தவனே வந்தா?"

பக்கத்து மேசைக்காரர் தோசையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். அவள் கவலைப்படவில்லை. வேறொரு உரிமத்தைக் காட்டினாள். நீளமானது. அதில் ஒரு ஷரத்து. இந்த நிரலுக்கு ஒரு பகுதியை எழுதித் தருகிறவர், அதைப் பயன்படுத்தத் தேவையான தன் காப்புரிமைகளுக்கான, அதாவது பேட்டன்ட்டுகளுக்கான, அனுமதியையும் எல்லோருக்கும் சேர்த்தே தருகிறார். திரும்பப் பெற முடியாது. பிற்பாடு யாராவது இந்த நிரல் தன் காப்புரிமையை மீறுகிறது என்று வழக்குப் போட்டால், அவருக்கு இதில் கிடைத்திருந்த அதே அனுமதி அன்றோடு ரத்து. "இரண்டாவது பாதி நமக்குப் பொய்ப்பல்தான், ரத்து பண்ண நம்மகிட்ட ஏது பேட்டன்ட்?" என்று அவளே ஒப்புக்கொண்டாள். "முதல் பாதி போதும்."

கடைசியில் எரிச்சலில் சொன்னேன்: உரிமத்தை மாற்றுவதென்றால் பலகைக்கு இதுவரை பங்களித்த ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும், நீயே போய் வாங்கிக்கொண்டு வா. அவளை மலைக்க வைப்பதற்காகச் சொன்னது. அவள் நிஜமாகவே கிளம்பிவிட்டாள். கிளம்பியதோடு ஒரு விதியும் வைத்தாள். சம்மதம் என்று மின்னஞ்சல் அனுப்பினால் மட்டும் போதாது. நேரிலோ தொலைபேசியிலோ அந்த ஷரத்தை அவளிடம் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் மின்னஞ்சல். பாதிரியாரிடம் போய்ச் சொல்கிற பாவ சங்கீர்த்தனமா இது என்று கிண்டல் செய்தேன். "கண்ணு தாண்டிடும்டி. வாய் தாண்டாது" என்றாள்.

சிந்தாதிரிப்பேட்டையில் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்த பாபுவிடம் நானும் உடன் போனேன். சாப்பாட்டுப் படங்கள் பலவற்றை வரைந்து தந்தவர் அவர்தான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"ஏம்மா, நான் போட்டது பரோட்டா படம். பரோட்டாவுக்கு இன்னா பேட்டன்ட்டு?"

"பரோட்டாவுக்கு இல்ல பாபு. நாளைக்கு நீங்க எதுனா புதுசா கண்டுபிடிச்சு இதுல சேர்த்துட்டு, அப்புறமா என்னுது, எடுத்துக் குடுன்னு கேக்க மாட்டேன்னு சொல்றீங்க."

"குட்த்தத திருப்பிக் கேக்கறவன் நான் இல்ல மேடம்."

"அதையேதான் இங்கிலீஷ்ல எழுதிக்கீது. படிங்க."

அவர் படித்தார். "பர்ப்பெச்சுவல்" என்ற இடத்தில் நின்று, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். "எப்பவும்" என்றாள். "எப்பவும்னே போட வேண்டியதுதான?" என்றார். இதைத்தானே நானும் சொல்லிண்டிருக்கேன் என்று நான் ஆரம்பிக்க, ஜெசி என்னைப் பார்த்த பார்வையில் பாபு சிரித்துவிட்டார். திரும்பி வரும்போது எங்களுக்கு அவர் வாங்கிக் கொடுத்த டீயின் ருசியைப் பற்றிக்கூட நாங்கள் சண்டை போட்டோம். எதைப் பற்றித்தான் போடவில்லை? எங்கள் சிநேகிதமே ஒரு நீண்ட சண்டை, நடுநடுவே சாப்பாடு.

உரிமம் மாறிய பிறகு ஒருநாள் அடையாறில் சிறப்புப் பள்ளிகளுக்கான கருவிகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனம் எங்களைத் தேடி வந்தது. அதன் இயக்குநர் ராகவன். ஒரு படத்தைத் தொட்டதும் அடுத்து எது வேண்டியிருக்கும் என்று கணித்து, அந்தப் படங்களை விரலருகே கொண்டுவந்து வைக்கும் ஒரு நிரலை அவர்கள் எழுதியிருந்தார்கள். பலகைக்கு அதைத் தர விரும்பினார்கள். வெளிநாட்டில் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருப்பதாகவும் ராகவன் ஒளிக்காமல் சொன்னார். ஜெசி அவரைத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து ஷரத்தைக் கையில் கொடுத்தாள். அவர் பாதி வரை படித்துவிட்டு, மீதி தெரியும் மேடம் என்று தாளை மடித்தார். அப்போது வின்சென்ட்டின் பலகை உரக்கச் சொன்னது: "மறுபடி." கூடமே சிரித்தது. ராகவன் தாளைப் பிரித்து முதலிலிருந்து படித்தார். அவள் வீட்டு மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, வெளியே போனதும் நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சலும் அனுப்பினார்.

அந்தக் கணிப்பு வின்சென்ட்டுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பு படங்களைத் தேடித் தேடி அவன் விரல் சோர்ந்துவிடும். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் போக மாட்டான். மிச்சத்தை நாமாக ஊகிக்க வேண்டும். கணிப்பு வந்த வாரத்தில் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது பலகை சொன்னது: "அக்கா, குழம்பு உப்பு அதிகம். நேற்றும் அதிகம். எப்போதும் அதிகம்." ஜெசி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "இத்தனை வருஷமா உள்ளேயே வெச்சுக்கிட்டு இருந்திருக்கான்டி! அம்மா காலத்துலேர்ந்து!" என்றாள்.

சில வருடங்கள் நன்றாகப் போயின. பிறகு ராகவன் தன் நிறுவனத்தை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். காப்புரிமையும் அதோடு போயிற்று. புதிய முதலாளிகள் சிங்கப்பூரில் பலகையைப் பயன்படுத்திவந்த ஒரு பள்ளிக்குக் கடிதம் அனுப்பினார்கள்: படங்களைக் கணிக்கும் முறை எங்களுடையது, உடனே நிறுத்துங்கள். பள்ளி பயந்துபோய்க் குழந்தைகளின் கருவிகளிலிருந்து பலகையையே எடுத்துவிட்டது. அடுத்த கடிதம் எனக்கு வந்தது.

நான் பயந்தேன். கணிப்பை மட்டும் நீக்கிவிடலாம் என்றேன். ஜெசி வீட்டுக் கூடத்தில்தான், வின்சென்ட்டை வைத்துக்கொண்டே பேசினோம். எங்கள் சண்டைகளில் சாப்பாடு இல்லாமல் முடிந்தது அது ஒன்றுதான்.

"குழந்தைகளுக்கு மொத்தமா பேச்சு போறதுக்கு, இந்த ஒண்ணு போகட்டுமே ஜெசி."

"எதுக்குடி போகணும்? குடுத்தாச்சு. வழிப்பாத்தியம் எழுதிக் குடுத்த நிலத்தை யார் வாங்கினாலும் வழி வழிதான். வாங்கினவன் வேலி போட முடியுமா?"

"கோர்ட்டுக்குப் போனா நம்மால தாங்க முடியுமா? நீ எழுதி எழுதியே ஜெயிச்சுடுவியா?"

"அப்போ எடுத்துடு. எடுக்கறதுக்கு முன்னால நீயே அவன்கிட்ட சொல்லு. இனிமே ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாதேன்னு சொல்லு."

என்னால் வின்சென்ட்டைப் பார்க்க முடியவில்லை. அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பேச்சுக்கு உரிமை யாருடையது என்று இரண்டு பெண்பிள்ளைகள் அவனெதிரே கத்திக்கொண்டிருந்தோம். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கணிப்பை நீக்கவில்லை.

ஜெசி பதில் எழுதினாள். காப்புரிமை பழைய நிறுவனத்திடம் இருந்தபோதே அனுமதி தரப்பட்டுவிட்டது, அது திரும்பப் பெற முடியாதது, வாங்கியவரையும் கட்டுப்படுத்தும் என்று. அவர்கள் மறுத்தார்கள். யாரோ ஒரு பணியாளர் நிறுவனத்துக்குத் தெரியாமல் கொடுத்தது அது, மின்னஞ்சலையும் அவர்தான் விவரமறியாமல் அனுப்பியிருக்க வேண்டும் என்றார்கள். அப்படி இல்லை என்று சொல்லக்கூடியவர் ராகவன் ஒருவர்தான். அவரோ புதிய முதலாளிகளிடம் ஆலோசகராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்க மாட்டார் என்று நான் அடித்துச் சொன்னேன். ஜெசி அவரைக் கூப்பிட்டு, நடந்தது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அவரே நேரில் வந்தார்.

"மேடம், கம்பெனியை வித்தப்போ கட்டுக் கட்டா பத்திரம் நீட்டினாங்க. எல்லாத்துலயும் கையெழுத்து போட்டேன், ஒண்ணையும் படிக்கல. என் வாழ்க்கையில முழுசா படிச்ச ஒரே ஷரத்து இந்த வீட்ல உக்காந்து படிச்சதுதான். எப்படி மறக்கும்? ஒன்றரைத் தடவை படிச்சேன்." பிறகு வின்சென்ட்டைப் பார்த்து, "நீங்கதான சார் மறுபடி படிக்க வெச்சீங்க?" என்றார்.

நிறுவனத்தின் இயக்குநர் என்ற முறையில், படித்துப் புரிந்துகொண்டுதான் தந்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஆலோசகர் வேலை போய்விட்டது என்று பின்னால் கேள்விப்பட்டோம். அவர் அதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. புதிய முதலாளிகளிடமிருந்து, இந்த விஷயத்தைத் தொடர விரும்பவில்லை என்று ஒரு வறட்டுக் கடிதம் வந்தது. பள்ளி பலகையைத் திரும்பப் போட்டுக்கொண்டது.

அன்று ஜெசி என்னிடம் "பாத்தியா" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. "உன் சின்ன உரிமம் அழகுதான்டி, நல்லவங்க மட்டும் இருக்கிற ஊர்ல" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பூசை முடிந்து கோயில் வளாகத்தில் கடல் காற்றில் நின்றுகொண்டிருந்தோம். வின்சென்ட்டின் போர்வையைச் சரிசெய்தபடி மேலும் சொன்னாள்: "மத்த ஷரத்தைப் பாரு. எல்லாமே என்மேல கேஸ் போடாதே, நான் பொறுப்பில்ல, என்னைக் காப்பாத்துன்னு கத்துது. இது ஒண்ணுதான் நான் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்னு சொல்லுது. எனக்குப் பிடிச்சதுக்கு அதுதான் காரணம்." சட்டம் படித்தவர்கள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, மெழுகுவர்த்தி வாங்க அவளை இடித்துக்கொண்டு முன்னே போனேன்.

அடக்கத்துக்குப் பிறகு அவள் சித்தி மகள் ரீட்டா குடும்பத்தோடு அந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். வின்சென்ட் தன் அறையில், தன் ஜன்னலோரமாகவே இருக்கிறான். புதன்கிழமைதோறும் நான் போகிறேன். அவன் கேட்கும் புதிய சொற்களைப் பலகையில் சேர்ப்பது ஜெசியின் வேலையாக இருந்தது. இப்போது அது என்னுடையது.

போன புதன்கிழமை என்ன சொல் வேண்டும் என்று கேட்டேன். அவன் தொட்டான்: "சண்டை." என்மேல் கோபமோ என்று திக்கென்றது. அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தொட்டான். "நீ. அக்கா. சண்டை. சொல்லு."

புரிந்தது. ஆரம்பித்தேன். "ஏன்டி ஜெசி, இரண்டே பாராவில முடிய வேண்டியதை இப்படி இழுத்துண்டு போறியே?" என்று என் பக்கத்தைச் சொன்னேன். பிறகு குரலை உயர்த்தி அவள் பக்கத்தைச் சொன்னேன். வத்தக்குழம்பு, மொளகா கிள்ளினவன், வேலி, வழிப்பாத்தியம், எல்லாம் வந்தது. என் பக்கம் எனக்கு நடுவில் மறந்துபோயிற்று. அவள் பக்கம் ஒரு சொல் விடாமல் வந்தது. இத்தனை நாளாக அழுகையை அடக்கி வைத்திருந்த ரீட்டா, சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டாள். வின்சென்ட் உடம்பு முழுவதும் குலுங்கச் சிரித்தான்.

ஜெசியிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான். எங்கள் சண்டையில் அவளுடைய பக்கம். இனி அதையும் நானே பேச வேண்டும், நன்றாகப் பேச வேண்டும். விட்டுக்கொடுத்தால் அவளுக்குப் பிடிக்காது.

"சரிடா வின்சென்ட், யார் ஜெயிச்சா?" என்று கேட்டேன்.

அவன் விரல் பலகையை நோக்கி மெதுவாக நகர்ந்தது. கணிப்பு, அவன் அதிகம் சொல்லும் சொல்லைத்தான் முதலில் அருகே கொண்டுவந்து வைக்கும். அவன் விரலுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

"அக்கா" என்றது பலகை.